யாருக்கு என்ன வேலை, அதற்கு எவ்வளவு பிரீமியம்? மலையகத்தில் ஆள் வைத்து வேலை வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனில் சிறு முதலாளிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர், சின்ன ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) நடத்துபவர், நாலு அறை விடுதிக்காரர், லொறி வைத்திருப்பவர், மேசன் பாஸ், எல்லாரும் வருவார்கள். வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் போன் ஓயாது, அதில் பாதிக் கேள்வி ஒன்றேதான்: “இவ்வளவு ஏன் கேட்கிறார்கள்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் ஒழுங்காகக் கட்டுகிறேன். அப்புறம் இது எதற்கு?

அது வேறு, இது வேறு. ஈ.பி.எஃப்புக்கு நீங்கள் கட்டும் 12 சதவீதமும் தொழிலாளி கட்டும் 8 சதவீதமும் அவருடைய கடைசிக்காலச் சேமிப்பு. ஈ.டி.எஃப் 3 சதவீதத்தில் சில உதவிகள் கிடைக்கும் என்றாலும், வேலையில் அடிபட்டவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதில் அது ஒரு ரூபாயையும் குறைக்காது. வேலை செய்யும்போது, அந்த வேலையின் காரணமாக ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று சொல்வது வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அது. இன்றைக்கும் அதையே திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள். இதற்கென்று எல்லாரும் பணம் போட்டு வைக்கும் பொது நிதி எதுவும் நம் நாட்டில் இல்லை. பொறுப்பு நேராக உங்கள் தலையில்தான் விழும்.

காப்புறுதி எடுத்தே ஆக வேண்டுமா?

நட்டஈடு கொடுப்பதுதான் தப்ப முடியாத பொறுப்பு. அதைக் கையிலிருந்து கொடுப்பீர்களா, காப்புறுதிக் கம்பனி மூலம் கொடுப்பீர்களா என்பது உங்கள் முடிவு. ஆனால் இதையும் யோசியுங்கள்: 2005இல் 5,50,000 ரூபாயாக இருந்த நட்டஈட்டு உச்சவரம்பு, 2022 திருத்தத்தோடு 20 லட்சம் ரூபாயாகிவிட்டது. பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் ஒருவர் ஒரே நாளில் 20 லட்சம் எடுத்து வைக்க முடியுமா? என்னிடம் வருபவர்களில் அப்படி வைக்கக்கூடியவர் மிகச் சிலர். கட்டட வேலை ஒப்பந்தத்துக்குப் போனால் வேலை கொடுப்பவரே காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்பார், அங்கே பேச்சுக்கே இடமில்லை.

பிரீமியத்தை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஒரு வருடத்தில் நீங்கள் கொடுக்கப்போகும் மொத்தச் சம்பளத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு எழுதுகிறீர்கள். அதை வேலை வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு விகிதம் உண்டு. மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் குறைந்த விகிதம், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கூடிய விகிதம், உயரத்தில் ஏறுபவருக்கு அதைவிடக் கூட. சம்பளத்தை விகிதத்தால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் பிரீமியம் வந்துவிடும். வரி, இதர கட்டணங்கள் அதற்கு மேல்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். விகிதங்களை விளங்குவதற்காக நானே எடுத்துக்கொண்டேன், உண்மையான விகிதம் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒரு சின்ன ஸ்டோர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் இரண்டு பேர், வருடச் சம்பளம் 12 லட்சம், விகிதம் 0.3 சதவீதம், ஆக 3,600 ரூபாய். கொழுந்து பறிப்பவர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 1,350 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு மொத்தம் 48,60,000. ஒரு சதவீதம் போட்டால் 48,600. இயந்திரத்தில் நாலு பேர், 24 லட்சம், 2.5 சதவீதம், 60,000. லொறி டிரைவரும் கிளீனரும் சேர்ந்து 13 லட்சம், 3 சதவீதம், 39,000. எல்லாம் கூட்டினால் 1,51,200 ரூபாய்.

இனி அதே இருபது பேரையும் பிரிக்காமல் “எல்லாரும் ஸ்டோர் ஆட்கள்” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தீர்கள், கம்பனியும் ஆபத்து கூடிய விகிதமான 3 சதவீதத்தையே எல்லாருக்கும் போட்டது என்றால் 2,92,800 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மேசையில் பில் எழுதும் பிள்ளைக்கும் லொறி டிரைவருக்கும் ஒரே விலை கொடுத்திருக்கிறீர்கள். பிரிக்காமல் எழுதுவதில் போகும் காசு இப்படித்தான் போகிறது.

அப்படியென்றால் எல்லாரையும் குறைந்த வகையில் போட்டுவிட்டால் லாபம்தானே?

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

மேலே சொன்ன கணக்கில் எல்லாரையும் “தோட்டத் தொழிலாளர்” என்று ஒரு சதவீதத்தில் போட்டால் 97,600 ரூபாய்தான் வரும். மிச்சம் 53,600. சரி, ரோலரில் (கொழுந்தை உருட்டும் இயந்திரத்தில்) நிற்கும் ஒருவர் இறந்துபோகிறார், நட்டஈடு உச்சவரம்புக்கு வருகிறது. கம்பனி விசாரிக்க ஆள் அனுப்புகிறது. பத்திரத்தில் தோட்டத் தொழிலாளர் என்று இருக்கிறது, ஆள் இறந்தது ரோலரில். காப்புறுதி என்பது நீங்கள் சொன்ன உண்மையை நம்பிச் செய்யும் ஒப்பந்தம். முக்கியமான விஷயத்தை மறைத்தால் கம்பனி கையை விரிக்கலாம். ஆனால் கம்பனி கொடுக்கவில்லை என்பதற்காக உங்கள் பொறுப்பு போய்விடாது, 20 லட்சமும் நீங்கள்தான் கட்ட வேண்டும். வருடம் 53,600 வீதம் மிச்சம் பிடித்து அந்தக் காசைச் சேர்க்க முப்பத்தேழு வருடம் வேண்டும்.

இதில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா ஒரு தேயிலை ஸ்டோரில் வேலை செய்தார். புத்தகத்தில் அவர் கூட்டித் துடைக்கும் ஆள். பகலில் அதுதான் வேலை. ஆனால் கொழுந்து கூடிய காலத்தில் இரவு ஷிப்டுக்கு ஆள் போதாமல் ரோலருக்கு இலை தள்ள நிற்பாட்டுவார்கள், அவரும் ஓ.டி. கிடைக்குமே என்று நிற்பார். ஒரு இரவு இரண்டு மணிக்கு வலது கையின் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் போய்விட்டன. நான் அப்போது ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முதலில் கேட்டது, “விளக்குமாறு பிடிக்க இந்தக் கை காணும்தானே?” என்றுதான். நட்டஈட்டுப் பேச்சு வந்தபோது, கூட்டுபவர் ரோலர் பக்கம் ஏன் போனார், யார் போகச் சொன்னது என்று தொடங்கிப் பதினாலு மாதம் இழுத்தடித்தார்கள். அவரை அங்கே நிறுத்தியது எல்லாருக்கும் தெரியும். எழுத்தில் மட்டும் இல்லை. ஒரு படிவத்தில் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் அந்தப் பதினாலு மாதம் அந்த வீட்டுக்கு வந்திருக்காது. கடைசியில் கிடைத்த காசில் பாதி, அதற்குள் வாங்கிய கடனுக்கே போனது.

பதவியின் பெயரைப் பார்த்தா விகிதம் போடுகிறார்கள், செய்யும் வேலையைப் பார்த்தா?

செய்யும் வேலையைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆனால் கம்பனிக்காரர் உங்கள் தோட்டத்துக்கு வந்து பார்ப்பது அபூர்வம், நீங்கள் எழுதியதைத்தான் அவர் பார்க்கிறார். அதனால் பெயர் மட்டும் எழுதினால் அந்தப் பெயருக்கு அவர் மனதில் என்ன படம் வருகிறதோ அதற்குத்தான் விகிதம் வரும்.

சூப்பர்வைசர் என்று எழுதுகிறீர்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது கையில் புத்தகத்தோடு நிற்கும் ஆள். உங்கள் சூப்பர்வைசர் காலையில் பிரட்டுக்களத்தில் (ஆட்கள் கூடும் இடத்தில்) வந்தவர்களின் பேர் எடுத்துவிட்டு, மத்தியானம் மருந்து அடிக்கும் டாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு, பின்னேரம் கொழுந்து மூட்டையோடு லொறியின் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறாரா? அதை எழுதுங்கள். போன வருடம் பண்டாரவளைப் பக்கத்து முதலாளி ஒருவர் படிவத்தோடு வந்தார். பதினாலு பேர், பதினாலு பேருக்கும் நேரே ‘தோட்டத் தொழிலாளர்’. “தங்கச்சி, பேர போட்டா போதாதா, வேல எல்லாம் ஒன்னுதானே” என்றார். ஒவ்வொருத்தராக என்ன செய்கிறார் என்று கேட்டேன். ஏழாவது ஆளுக்கு வந்தபோது, “அவன்தான் நிழல் மரத்துல ஏறிக் கெள வெட்டுறவன்” என்றார். கயிறு? இடுப்பில் சும்மா ஒரு கயிறு உண்டாம், அதுவும் மழை நாளில் கட்ட மாட்டாராம். பதினாலு பேரில் ஆபத்து மிகக் கூடிய ஆள் அவர்தான், அவர் பெயருக்கு நேரேதான் எல்லாவற்றிலும் குறைந்த விகிதம் விழப்போயிருந்தது.

கொழுந்து பறிப்பது லேசான வேலைதானே, அதற்கும் ஏன் விகிதம்?

லேசான வேலை என்று யார் சொன்னது? பக்கத்தில் இயந்திரம் இல்லை என்பதற்காக விகிதம் குறைவாகப் போடுவார்கள், அது விளங்குகிறது. ஆனால் ஆபத்து இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. குளவிக் கொட்டு எந்த மாதத்தில் இல்லை? தேயிலைச் செடிக்கு அடியிலோ பக்கத்து மரத்திலோ கூடு இருக்கும், ஒருவர் தெரியாமல் தட்டினால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரையும் சேர்த்துத்தான் கொட்டும். ஒரே சம்பவத்தில் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை வேறு எது? சிறுத்தை வேறு, மின்னல் வேறு. மழையில் ஊறிய செங்குத்துச் சரிவில், தலையில் கயிறு மாட்டிய கூடை முதுகில் இருபது கிலோவோடு இழுக்க, வெறுங்காலோடு இறங்குவதைப் பார்த்தவர்கள் லேசான வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். விழுந்து இடுப்பில் அடிபட்டாலும் மறுநாள் மலைக்குப் போய்விடுகிறார்கள், அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும் என்ற பயம். அதனால் பல காயம் கணக்கிலேயே வருவதில்லை, கணக்கில் வராததை வைத்து “இது பாதுகாப்பான வேலை” என்று முடிவு செய்கிறார்கள். இதை நான் படிவம் நிரப்பும்போது மட்டுமல்ல, எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பேன். குறைந்த விகிதம் உங்களுக்கு நல்லதுதான், வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகக் காயத்தைப் பதியாமல் விடாதீர்கள்.

கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), மருந்து அடித்தல், உரம் போடுதல் எல்லாவற்றையும் வெளிவேலை என்று ஒன்றாகச் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். கவ்வாத்துக் கத்தி கெண்டைக்காலில் இறங்கினால் அப்போதே தெரியும். மருந்து அடிப்பதில் ஆபத்து அன்றைக்கே தெரியாது, அதனால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டத்தில் விபத்து மட்டுமல்ல, தொழிலால் வரும் சில நோய்களும் அட்டவணையில் இருக்கின்றன. என்ன மருந்து, யார் அடிக்கிறார், கையுறையும் முகமூடியும் கொடுக்கிறீர்களா என்பது படிவத்தில் இல்லாவிட்டாலும் ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள்.

ஒரே ஆள் நாலு வேலை செய்கிறார். எந்த வகையில் போடுவது?

சின்ன இடங்களில் எல்லாரும் எல்லா வேலையும்தான் செய்வார்கள். இரண்டு வழி இருக்கிறது. எந்த நாள் எந்த வேலை செய்தார் என்று செக்ரோலில் (நாள்வாரி வேலைப் பதிவில்) எழுதி வைத்திருந்தால், அதைக் காட்டிச் சம்பளத்தைப் பிரித்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். மாதத்தில் இருபது நாள் கொழுந்து, ஐந்து நாள் ரோலர் என்றால் அந்த ஐந்து நாள் சம்பளம் மட்டும் இயந்திர வகைக்கு. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் அவர் செய்யும் வேலைகளில் ஆபத்து கூடியது எதுவோ அதில் போட்டுவிடுங்கள். கொஞ்சம் கூடப் போகும், ஆனால் இரவு இரண்டு மணிக்கு போன் வந்தால் பயமில்லை.

அமெரிக்காவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒவ்வொரு வேலைக்கும் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. அலுவலக எழுத்து வேலைக்கு 8810, கூரை வேலைக்கு 5551 என்று. ஒவ்வொரு எண்ணுக்கும் நூறு டொலர் சம்பளத்துக்கு இவ்வளவு என்று விகிதம். சம்பளப் பதிவைச் சரியாக வைத்திருக்காவிட்டால் ஆபத்து கூடிய எண்ணுக்கே முழுச் சம்பளமும் போய்விடும். நம் ஊரில் அப்படி எல்லாரும் பார்க்கக்கூடிய எண் பட்டியல் கையில் இல்லை. அதனால்தான் உங்கள் சொந்தப் பதிவு இன்னும் முக்கியம் என்கிறேன்.

எல்லா நாட்டிலும் வேலையைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்களா?

இல்லை. இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்புறுதி) திட்டத்தில் 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். அலுவலகமா, உருக்காலையா என்ற பேதமே இல்லை. ஆபத்தான தொழிலின் செலவை ஆபத்தில்லாத தொழிலும் சேர்ந்து தாங்குகிறது. ஜேர்மனியில் 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தபோதே தொழில்களை ஆபத்து வகுப்பு வாரியாகப் பிரித்துவிட்டார்கள். நிலக்கரிச் சுரங்கக்காரர் கூடக் கட்ட வேண்டும், சுருட்டுச் சுற்றுபவர் குறையக் கட்டலாம் என்ற மாதிரி.

எது நியாயம் என்று கேட்டால், பிரித்துப் போடுவதில் ஒரு நல்ல விஷயம் உண்டு: ரோலருக்கு மூடி போட்டால் காசு மிச்சம் என்று முதலாளிக்குத் தோன்றும். ஆனால் பிரித்துப் போடும் இடத்தில்தான் பொய் எழுதும் ஆசையும் வருகிறது, ஒரே விகிதம் உள்ள இடத்தில் அதற்கு வேலையே இல்லை. நம்முடையது பிரித்துப் போடும் முறை என்பதால் எழுதுபவரின் நேர்மையை நம்பித்தான் எல்லாம் நிற்கிறது.

கொந்தரப்புக்கு (ஒப்பந்தத்துக்கு) விட்ட வேலைக்கு வரும் ஆட்கள் என் கணக்கில் வருவார்களா?

பெரும்பாலும் வருவார்கள். உங்கள் தொழிலின் ஒரு பகுதியை ஒருவருக்குக் கொந்தரப்பாகக் கொடுத்து, அவர் கொண்டுவந்த ஆளுக்கு அடிபட்டால், அந்த ஆள் உங்களிடமே நட்டஈடு கேட்கலாம். நீங்கள் கொடுத்துவிட்டு அந்தக் காசைக் கொந்தரப்புக்காரரிடம் திருப்பிக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அவரிடம் இருந்தால்தானே தருவார்! அதனால் கொந்தரப்புக் கொடுக்கும் முன்பே அவருடைய காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு, திகதியைப் பார்த்து, ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அந்த ஆட்களின் கூலியையும் உங்கள் படிவத்தில் தனி வரியாகச் சேருங்கள்.

மரம் வெட்டுவது, கூரை மாற்றுவது, கல் உடைப்பது, மண் சரிந்த இடத்தில் அணை கட்டுவது, இவை எல்லாம் கொந்தரப்புக்குத்தான் போகின்றன. அதாவது ஆபத்து கூடிய வேலை எல்லாம் கணக்கில் எழுதாத ஆட்களிடம் போகிறது.

தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு வாங்குகிறோம். அவர்களும் தொழிலாளர்களா?

வெளியக உற்பத்தி முறை என்று இப்போது பல தோட்டங்களில் நடப்பது இதுதான். காணி கம்பனியுடையது, ஒரு துண்டை ஒரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது, உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு கொழுந்துக்குக் காசு கிடைக்கிறது. தாளில் அவர் தனி உற்பத்தியாளர். தாளில் ஊழியர் இல்லையென்றால் சம்பளப் பட்டியலில் இல்லை, சம்பளப் பட்டியலில் இல்லையென்றால் பிரீமியமும் இல்லை. வகைப்படுத்தலில் எல்லாவற்றுக்கும் முதலில் வரும் கோடு இதுதான்: இந்த ஆள் உங்கள் ஊழியரா, இல்லையா?

ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டீர்கள் என்பதோடு விஷயம் முடிவதில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தச் சுற்றுக்குப் பறிக்க வேண்டும், கொழுந்தை யாருக்கு விற்க வேண்டும், சொன்னபடி செய்யாவிட்டால் காணியைப் பிடுங்கலாமா, இதையெல்லாம் தீர்மானிப்பது நீங்கள் என்றால், வழக்கு வரும் நாளில் அவரை ஊழியர் என்று வாதாட நிறைய இடம் உண்டு. சரிவில் விழுந்த கால் இரண்டு முறையிலும் ஒரே மாதிரித்தான் உடையும். வழக்குக்குக் காத்திருக்காமல் அந்தக் குடும்பங்களுக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதியாவது எடுத்துக் கொடுங்கள், செலவு பெரிதில்லை.

சம்பளம் கூடினால் பிரீமியமும் கூடுமா? வருட நடுவில் கூடினால்?

கூடும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது, 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ஆனது. ஆளும் வேலையும் மாறாவிட்டாலும் சம்பளத்தின் மேல்தான் விகிதம் என்பதால் பிரீமியமும் ஏறியிருக்கும். தொடக்கத்தில் கொடுப்பது மதிப்பீடுதான், வருடம் முடிந்ததும் உண்மையில் கொடுத்த சம்பளத்தை அறிவிக்க வேண்டும், குறைந்தால் திருப்பித் தருவார்கள் அல்லது கழிப்பார்கள், கூடினால் மீதியைக் கேட்பார்கள். பலர் இந்த வருடக் கடைசி அறிவிப்பைக் கொடுப்பதே இல்லை. கொழுந்து குறைந்து ஆள் குறைந்த வருடங்களில் உங்களுக்கு வர வேண்டிய காசை நீங்களே விட்டுவிடுகிறீர்கள்.

ஒரு விபத்து நடந்துவிட்டது. அடுத்த வருடம் விகிதம் ஏறுமா?

ஏறலாம். கடந்த சில வருடங்களில் எத்தனை தடவை கேட்டீர்கள், எவ்வளவு கொடுத்தோம் என்று பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். அமெரிக்காவில் இதற்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள்: உங்கள் வகையின் சராசரி 1.00, அதைவிட விபத்து குறைந்தால் அதற்குக் கீழே, கூடினால் மேலே, பிரீமியத்தை அதனால் பெருக்குவார்கள். இங்கே அவ்வளவு வெளிப்படையாக இல்லை, பேசித்தான் வாங்க வேண்டும். பேசப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ரோலருக்கு மூடி போட்ட படம், இயந்திரப் பட்டிக்குக் கம்பி வலை அடித்த பில், மரம் ஏறுபவருக்கு வாங்கிய இடுப்புவார், எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

வேலைக்கு வரும் வழியில் அடிபட்டால்?

2022 திருத்தத்தோடு வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பிப் போகும்போதும் நடக்கும் விபத்துகளும் உள்ளே வந்துவிட்டன. அலுவலகத்தில் உட்காருபவருக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால் “இவர் மேசை ஆள், இவருக்கு வேண்டாம்” என்று யாரையும் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். ஆட்களை லொறியிலோ டிரக்டர் பெட்டியிலோ ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். நம் பாதைகளின் வளைவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு எல்ல ஊர்ப் பக்கம் சின்ன விடுதி. நாலு பேர்தான். எனக்கும் இதெல்லாமா?

ஆமாம். சமையல்காரர், அறை துடைப்பவர், காவலாளி, வெளிநாட்டவரை மலைக்குக் கூட்டிப்போகும் பையன், நாலு பேரும் நாலு வகை. அந்தப் பையனை ரூம் பாய் என்று எழுதி வைத்துவிட்டு உச்சிக்கு அனுப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

இறந்தவரின் குடும்பத்துக்கு நேராகக் காசு கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா?

முடியாது. மரணத்துக்கான நட்டஈட்டை நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் வைப்பிலிட வேண்டும், இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார், யாருக்கு எவ்வளவு என்று அவர்தான் பிரித்துக் கொடுப்பார். சாவு வீட்டில் நல்ல மனதோடு கொடுத்த காசை நட்டஈடு என்று பிறகு கழிக்கப் பார்த்தால் சிக்கல் வரும். அடக்கச் செலவுக்குக் கொடுங்கள், கொடுக்கத்தான் வேண்டும். அதைக் கணக்கில் வேறாக வையுங்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் படிவத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவர் காலையிலிருந்து பின்னேரம் வரை என்ன செய்கிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். ‘ஹெல்ப்பர்’ என்று எழுதாதீர்கள், யாருக்கு, எதில் ஹெல்ப்பர்? மாதத்தில் ஒருநாள் மட்டும் செய்யும் வேலையையும் எழுதுங்கள். எழுதியதை அந்த ஆளிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். “இல்ல ஐயா, நான் பொயிலருக்கு வெறகும் போடுறேனே” என்று அவர்தான் சொல்வார், உங்களுக்கு அது ஞாபகமே இருந்திருக்காது. அப்புறம் அந்தக் கொப்பியை இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அப்படியே படிவத்தில் ஏற்றச் சொல்லுங்கள், முகவர் சுருக்கி எழுதப் பார்த்தால் விடாதீர்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் பிரதி ஒன்றையும் அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கட்டி, மழைத்தண்ணி படாத இடத்தில் வையுங்கள்.